முதலில் நகல், பிறகு மாற்றம்

மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தில் சுமந்து, நகரம் முழுவதும் விற்கப் போகிறவர்கள் அங்கே பலர். அப்படி ஒரு குடும்பத்து அக்கா எங்கள் மாலைப் படிப்பு மையத்துக்கு வருகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கைநாட்டு வைத்தவர். இப்போது மகளிர் சேமிப்புக் குழுவின் கணக்கு அவர் பொறுப்பில் இருக்கிறது.

ஒரு நாள் அவர் புத்தகப் பையோடு ஒரு பழைய லேப்டாப்பையும் கொண்டு வந்தார்.

"தம்பி, இதுக்கு என்னவோ ஆச்சு. காலையில பொத்தானை அமுக்கிட்டு அடுப்புல ஒரு ஈடு இட்லி வைக்கிறேன். இட்லி வெந்து இறக்கிடுறேன். இது இன்னும் எழுந்திருக்கல."

"கடையில் காட்டினீர்களா அக்கா?"

"காட்டினேன். 'பழசு, தூக்கிப் போடு, புதுசு வாங்கு'ன்னு சொல்லிட்டாங்க. புதுசுக்கு நான் எங்கே போவேன்? இது அவர் இருக்கும்போது வாங்கினது. குழுக் கணக்கு இதுல இருக்கு. மகள் படிப்பு இதுல இருக்கு. அவரோட போட்டோவும் இதுலதான் இருக்கு."

அக்கா சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, பெட்டி மெதுவாகிவிட்டது. மற்றொன்று, பெட்டிக்குள் விலை போட முடியாத பொருள் இருக்கிறது. முதல் செய்திக்கு மருந்து தேடும்போது இரண்டாவதை மறந்துவிடக் கூடாது. இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

லேப்டாப்பில் நாம் எழுதும் கணக்கும் எடுக்கும் படமும் ஹார்டு டிஸ்க் என்ற பகுதியில் பதிவாகின்றன. தமிழில் வன்தட்டு என்பார்கள். பெயருக்கு ஏற்ப அதற்குள் வழவழப்பான வட்டத் தட்டு இருக்கிறது. தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதன் மேலே ஒரு சின்னக் கை முன்னும் பின்னும் ஓடி, எழுதும், படிக்கும். பழைய இசைத்தட்டையும் அதன் ஊசியையும் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய அதே போலத்தான். ஆனால் இங்கே கை தட்டைத் தொடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமனை விட மிக மிகக் குறைவு.

லேப்டாப்பில் உள்ள பெரும்பாலான ஹார்டு டிஸ்குகள் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். இது வேகம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கணக்கைத் தேட, கை சரியான இடத்துக்கு நகர வேண்டும். தட்டும் சுழன்று அந்த இடத்துக்கு வர வேண்டும். லேப்டாப் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காத்திருப்பு. எல்லாம் சேர்ந்தால் ஒரு ஈடு இட்லி வெந்துவிடுகிறது.

இப்போது வேறு வகை டிஸ்க் வந்திருக்கிறது. அதன் பெயர் எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் தட்டு இல்லை. ஓடும் கை இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற சில்லுகள் மட்டுமே உண்டு. எங்கே இருக்கும் கணக்கையும் உடனே எடுத்துக் கொடுக்கும். சத்தம் இல்லை. கீழே விழுந்தாலும் சுழலும் தட்டைப் போல எளிதில் கெடாது.

உங்களுக்குத் தெரியுமா?

உலகில் முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஹார்டு டிஸ்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. அதில் 50 தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டும் இரண்டு அடி அகலம். எடை சுமார் ஒரு டன். இவ்வளவு பெரிய இயந்திரத்தில் எழுத முடிந்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம்.

எங்களுக்கு நேர்ந்த இழப்பு

அக்காவின் லேப்டாப்பைத் தொடுமுன் நான் ஒரு கதை சொன்னேன். அது எங்கள் மையத்தின் கதை.

எங்கள் மையத்திலும் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அது நின்று நின்று வேலை செய்தது. ஒரு கடையில் கொடுத்தோம். "சரி செய்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. நன்றாக ஓடியது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்பியிருந்தார்கள்.

அதில் எங்கள் மையத்தில் படித்த பெண்கள் தட்டச்சு செய்த முதல் கடிதங்கள் இருந்தன. ஒரு பாட்டி ஊரில் இருக்கும் தம்பிக்கு எழுதிய கடிதம் இருந்தது. நான்கு வரி எழுத அவருக்கு மூன்று மாலைகள் ஆயின. அவற்றில் ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. "சரி செய்" என்றேன், செய்தார். "உள்ளே இருப்பது வேண்டும்" என்று நான் சொல்லவில்லை. வேறு இடத்தில் நகலும் வைக்கவில்லை. தவறு என்னுடையதும்தான்.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்போ முதல்ல நகல் எடுப்போம் தம்பி. அப்புறம் மத்ததைப் பார்ப்போம்."

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எல்லா டிஸ்கும் எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. கடைக்குப் போகுமுன் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. மாடல் பெயர்: லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள்.

2. இணைப்பு வகை: சுமார் 2005-க்குப் பின் வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் சாட்டா என்ற இணைப்பு இருக்கும். அதற்கு முந்தியவற்றில் ஊசி ஊசியாக இரண்டு வரிசை நிற்கும். இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் நுழையாது. மிகப் புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் மெல்லிய பட்டை போல இருக்கும். அது மூன்றாவது வகை.

3. அளவு: லேப்டாப்பின் சாட்டா டிஸ்கை இரண்டரை அங்குல டிஸ்க் என்பார்கள். பழையவற்றின் தடிமன் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யின் தடிமன் 7 மில்லிமீட்டர். மெல்லியது பழைய இடத்தில் உட்காரும். ஆடினால் சுற்றி வைக்க ஒரு சட்டம் கிடைக்கும்.

4. கொள்ளளவு: புதியது பழையதை விடப் பெரியதாக இருப்பது நல்லது. சிறியதாக இருந்தால் முழு நகல் எடுப்பது சிக்கலாகும். அக்காவின் பழைய டிஸ்க் 320 ஜி.பி. நாங்கள் 480 ஜி.பி. வாங்க முடிவு செய்தோம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். டிஸ்கை மாற்றினால் வேகம் கூடும். உடைந்த திரை ஒட்டிக்கொள்ளாது. செத்த பேட்டரி உயிர் பெறாது. திரை, பேட்டரி, விசைப்பலகை எல்லாம் போன லேப்டாப்புக்குப் புது டிஸ்க் வாங்குவது வீண் செலவு. அக்காவின் லேப்டாப்பில் திரை நன்றாக இருந்தது. விசைகள் எல்லாம் வேலை செய்தன. எனவே செலவு செய்யலாம் என்று முடிவெடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாகிமில் ரயில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினோம். பக்கத்திலேயே லேமிங்டன் ரோடு. கணினிச் சாமான் கடைகள் நிறைந்த தெரு அது. அக்கா மூன்று கடைகளில் விலை கேட்டார். அரிசியும் உளுந்தும் வாங்குகிறவர் அல்லவா? முதல் கடையில் அவர் எதையும் வாங்கமாட்டார். டிஸ்க் ஒன்று, அதை லேப்டாப்பின் வெளியிலிருந்து இணைக்கும் கேபிள் ஒன்று, பென் டிரைவ் இரண்டு வாங்கினோம். பில்லைக் கேட்டு வாங்கினார். அதில் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று எழுதச் சொன்னார். எழுதியதை அங்கேயே நின்று படித்துப் பார்த்தார்.

நகல் எடுத்தோம்

முதல் வேலையாக, குழுக் கணக்கையும் போட்டோக்களையும் மகளின் பாடங்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்தோம். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பென் டிரைவை வேறு கணினியில் போட்டு, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தோம். எல்லாம் திறந்தன. அக்கா அதைத் துணியில் முடிந்து பீரோவில் வைத்தார்.

அடுத்தது முழு நகல். டிஸ்கில் இருப்பது முழுவதையும் அப்படியே புதிய டிஸ்குக்கு மாற்றுவது. இதற்கு இலவச மென்பொருள்கள் உண்டு. நாங்கள் பயன்படுத்தியது குளோன்ஜில்லா. இதை இரண்டாவது பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் துவக்க வேண்டும். ஏற்றும்போது அந்தப் பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் இரண்டு பென் டிரைவ் வாங்கினோம்.

சார்ஜரை மாட்டினோம். பாதியில் மின்சாரம் நின்றால் வேலை கெடும். புதிய டிஸ்கைக் கேபிள் வழியாக இணைத்தோம். திரையில் இரண்டு டிஸ்குகளின் பெயர்களும் வந்தன. இப்போது மென்பொருள் கேட்கும்: எதிலிருந்து? எதற்கு?

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? காலி டிஸ்க் நிரம்பிய டிஸ்கின் மேல் நகலாகும். நிரம்பியதும் காலியாகும். அதன் பின் அழுது பயனில்லை.

"அக்கா, நீங்களே படித்துச் சொல்லுங்கள். நான் தேர்ந்தெடுக்கிறேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் விரலை வைத்தார்.

"முன்னூத்தி இருபது. இது பழசு. இதுல இருந்து எடுக்கணும். நானூத்தி எண்பது. இது புதுசு. இதுக்குப் போகணும்."

"இன்னொரு முறை அக்கா."

"முன்னூத்தி இருபதுல இருந்து நானூத்தி எண்பதுக்கு. சரிதான் தம்பி. போடு."

சம்மதமா என்று மென்பொருள் மீண்டும் கேட்டது. மீண்டும் படித்தார். மீண்டும் சரி என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேருந்தின் எண் என்ன என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டவர் அவர்.

இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. முடியும்போது பத்தைத் தாண்டிவிட்டது. அதற்குள் அக்கா மறுநாளைக்கு மாவு ஆட்டி முடித்துவிட்டார்.

திறந்தோம், மாற்றினோம்

மறுநாள் மாலை லேப்டாப்பை முழுவதும் அணைத்தோம். சார்ஜரைக் கழற்றினோம். பேட்டரியையும் கழற்றினோம். பிறகு பொத்தானைப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடித்தோம். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் போய்விடும்.

கையில் இருக்கும் சிறு மின்னூட்டம்கூடச் சில்லுகளைக் கெடுக்கலாம். எனவே முதலில் இரும்புப் பீரோவைத் தொட்டோம். டிஸ்கை ஓரத்தில் மட்டும் பிடித்தோம்.

திருகுகள் கடுகு போலச் சின்னவை. ஒன்று தொலைந்தாலும் தொல்லை. எதை எங்கே வைப்பது என்று நான் யோசித்தேன். அக்கா ஒரு இட்லித் தட்டைக் கொண்டு வந்தார். துடைத்துக் காய வைத்த தட்டு. மூடியின் திருகுகள் ஒரு குழியில். டிஸ்கைப் பிடித்த சட்டத்தின் திருகுகள் அடுத்த குழியில். எந்தக் கடையிலும் இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தோம். டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் இருந்தது. இணைப்பிலிருந்து பக்கவாட்டில் மெதுவாக இழுத்தோம். வந்தது. சட்டத்தின் நான்கு திருகுகளைக் கழற்றினோம். புதிய டிஸ்கைச் சட்டத்தில் மாட்டினோம். சாட்டா இணைப்பு ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள். பலம் காட்டாதீர்கள்.

மூடினோம். பேட்டரியைப் போட்டோம். அக்காவே பொத்தானை அமுக்கினார்.

கறுப்புத் திரை. அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள்.

அக்காவின் முகம் மாறியது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அவர்தான் முதலில் பேசினார்.

"பயப்படாதே தம்பி. பழசு அப்படியே இருக்கு. பீரோவுல வேற ஒண்ணு இருக்கு. மறுபடி திறந்து பாரு."

திறந்தோம். டிஸ்க்குக்கும் இணைப்புக்கும் நடுவே ஒரு நூல் அளவு இடைவெளி தெரிந்தது. முழுவதும் உள்ளே போகவில்லை. மெதுவாகத் தள்ளினோம். இடைவெளி மறைந்தது. மீண்டும் மூடி, மீண்டும் அமுக்கினோம்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கணவரின் படம் திரையில் வந்து நின்றது. குழுக் கணக்கைத் திறந்தார். கடைசி வரியைப் படித்தார். எல்லாம் அப்படியே இருந்தன.

புதிய டிஸ்கில் மிஞ்சிய இடத்தைத் தனி அறை போலப் பிரித்து, மகளின் பாடங்களுக்கு வைத்தோம்.

பழைய டிஸ்கை என்ன செய்வது?

உடனே விற்காதீர்கள். ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். புதியதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பின் முடிவெடுங்கள்.

அது நல்ல நிலையில் இருந்தால் ஒரு உறையில் போட்டு, நகல் வைக்கும் பெட்டியாகப் பயன்படுத்தலாம். டக் டக் என்று சத்தம் போட்டால் நம்ப வேண்டாம்.

பிறருக்குக் கொடுப்பதானால் கவனம் தேவை. ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து போகிறது. எழுதியது தட்டிலேயே இருக்கும். தெரிந்தவர்கள் மீட்டுவிடலாம். அதில் உங்கள் ஆதார் நகல் இருக்கலாம். வங்கிப் புத்தகத்தின் படம் இருக்கலாம். எனவே டிஸ்க் முழுவதையும் மேலெழுதித் துடைக்கும் மென்பொருளைப் பயன்படுத்திய பின்பே கொடுங்கள்.

கெட்டுப்போன டிஸ்கைக் குப்பையில் போடாதீர்கள். எரிக்காதீர்கள். மின்னணுக் கழிவுக்கென்று தனிச் சட்டவிதிகள் உண்டு. 2022-இல் வந்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடம் ஒப்படைப்பதே சரி.

இன்னும் ஒரு எச்சரிக்கை

முழு நகல் எடுத்தால் பழைய இயங்குதளமும் அப்படியே வரும். பல பழைய லேப்டாப்புகளில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பராமரிப்பு இல்லாத கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளங்களைக் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் ஒன்று. அதில் தமிழிலும் வேலை செய்யலாம்.

எஸ்.எஸ்.டி.யும் சாகாவரம் பெற்றதல்ல. சில நேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் நின்றுவிடும். எனவே டிஸ்க் புதிதானாலும் நகல் எடுக்கும் பழக்கத்தை விடக் கூடாது. அக்கா இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு நகல் எடுக்கிறார். நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு, பக்கத்தில் "நகல்" என்று தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

நினைவில் கொள்வோம்

- முதலில் நகல். பிறகுதான் மாற்றம்.
- நகலைத் திறந்து பார்த்த பின்பே நம்ப வேண்டும்.
- "எதிலிருந்து? எதற்கு?" இரண்டு முறை படிக்க வேண்டும்.
- கடையில் கொடுத்தால், "உள்ளே இருப்பது அழியக் கூடாது" என்று சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.
- பழைய டிஸ்கைத் துடைக்காமல் பிறரிடம் கொடுக்கக் கூடாது.

சொல் அறிவோம்

நகல் – ஒன்றைப் போலவே எடுத்த மற்றொன்று
கொள்ளளவு – எவ்வளவு கொள்ளும் என்ற அளவு
கோப்பு – கணினியில் ஒரு பெயரில் சேர்த்து வைத்த கணக்கு, கடிதம் அல்லது படம்
இயங்குதளம் – கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள்

கணக்குப் போடுவோம்

1. ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. விநாடிக்கு எத்தனை முறை?

2. டிஸ்க் 2,400 ரூபாய், கேபிள் 300 ரூபாய், பென் டிரைவ் ஒன்று 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பென் டிரைவ் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? புதிய லேப்டாப் 30,000 ரூபாய் என்றால், மிச்சம் எவ்வளவு?

3. 480 ஜி.பி. டிஸ்கைப் பல கணினிகள் 447 என்று காட்டும். தயாரிப்பாளர் 1000, 1000 ஆக எண்ணுகிறார். கணினி 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதனால்தான் இந்த வேறுபாடு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் எவ்வளவு?

பதில் எழுதுவோம்

1. அக்காவின் லேப்டாப் ஏன் மெதுவாக இருந்தது?
2. மையத்தின் கடிதங்கள் எப்படி அழிந்தன? அதைத் தடுத்திருக்க என்ன செய்திருக்கலாம்?
3. கறுப்புத் திரை வந்தபோது அக்கா ஏன் பயப்படவில்லை?

குழுவில் பேசுவோம்

உங்கள் வீட்டில் எந்தத் தாள், எந்தப் படம், எந்தக் கணக்கு தொலைந்தால் திரும்பக் கிடைக்காது? அதற்கு நகல் இருக்கிறதா? எங்கே இருக்கிறது? ஒரு பட்டியல் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.